வாய்க்கால் மூலை விரால்

சைமன்ராஜுக்குப் பொய் சொல்ல வராது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நன்றாகவே வரும். சொல்லி முடித்த பிறகுதான் அது அவனைத் தூங்க விடாது. கோரையேரிக் கரையில் அன்றைக்கு அவன் சொன்னது முழுப் பொய்கூட இல்லை, பாதி உண்மை. அந்தப் பாதிதான் பிறகு அவன் கழுத்தைப் பிடித்தது.

குள்ளஞ்சாவடி சாலையிலிருந்து பிரிந்து முந்திரித் தோப்புகளுக்கு நடுவே போகிற செம்மண் பாதை கோரையேரியில் போய் முடியும். காலையில் கரைமேலேயே மீன் விற்பார்கள். வலை வீசுவது ஆண்கள், விற்பது பெண்கள். சைமன்ராஜ் நெய்வேலியில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் டெக்னீஷியன்; கான்ட்ராக்ட் வேலை. சுற்றுவட்டார ஏரி மீன்களில் என்னென்ன நஞ்சு தங்கியிருக்கிறது என்று பார்க்கிற திட்டம் ஒன்று அவர்களுக்குக் கிடைத்திருந்தது. சனிக்கிழமைதோறும் பைக்கில் போய் மீன் வாங்கி, ஐஸ் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவது அவன் பொறுப்பு.

வாங்குவதற்கு ஒரு முறை வைத்திருந்தார் கூடத்தின் தலைவர் கருணாகரன். "டெஸ்ட்டுக்குன்னு வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க சைமன். சொன்னா நல்லதாப் பொறுக்கிக் கொடுப்பாங்க, இல்லன்னா கொடுக்கவே மாட்டாங்க. ஜனங்க எதை வாங்கிச் சாப்பிடுறாங்களோ அதுதான் நமக்கு வேணும். குடும்பஸ்தன் மாதிரி போங்க, குடும்பஸ்தன் மாதிரி வாங்குங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் ஐஸ் பெட்டியைப் பைக்கோடு தோப்போரம் விட்டுவிட்டு, மார்க்கெட்டுக்குப் போகிறவனைப் போல ஒரு வயர் கூடையைத் தூக்கிக்கொண்டு கரையேறுவான் சைமன்ராஜ். குடும்பஸ்தன் வேஷம் அவனுக்குப் பொருந்தியது. நிஜமாகவே குடும்பஸ்தன்தானே.

அவன் வழக்கமாக வாங்குவது தனகோடியிடம். அலுமினியக் குண்டானில் தண்ணீர் ஊற்றி விராலை உயிரோடு வைத்திருப்பாள். மகன் பெரியண்ணன் வலைக்காரன். தனகோடிக்குப் பேச்சும் கையும் சேர்ந்தே ஓடும்; மீனைப் பிடித்துத் தலையில் ஒரு போடு போடுவதற்குள் வாங்க வந்தவரின் குடும்பக் கதையைக் கேட்டு முடித்துவிடுவாள்.

மார்கழியில் ஒரு நாள் அவனிடமும் கேட்டாள். "ஏன் சார், எப்ப வந்தாலும் வாய்க்கா மூலையில புடிச்சதுதான் வேணும்ங்கிறீங்க. அதுலயும் பெரிய வெராலாத்தான் கேக்கறீங்க. வூட்டுல யாருக்கு?"

ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலின் மேல்பக்கத்தில் ஒரு பழைய இரசாயனக் கிடங்கு பூட்டிக் கிடந்தது. அதன் முதலாளி யார், எங்கே போனார் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. மழை பெய்தால் அந்த வளாகத்துத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி ஏரியின் அந்த மூலையில்தான் சேரும். அதனால்தான் கருணாகரன் அந்த மூலை மீனைக் கேட்டார். இதையெல்லாம் சொல்ல முடியாது. சைமன்ராஜ் ஒரு நொடி தடுமாறி, கையில் அகப்பட்டதை எடுத்து நீட்டிவிட்டான்.

"வீட்ல சம்சாரம் மாசமா இருக்காம்மா. அதுக்குத்தான்."

தனகோடியின் முகமே மாறிவிட்டது. குண்டானில் கிடந்ததிலேயே பெரிய விராலைத் தேடி எடுத்தாள். "அத மொதல்லயே சொல்லக்கூடாதா. எம் மருமவ பவித்ராவும் முழுவாமத்தான் இருக்கா. தலப்புள்ள." பிறகு எந்த பிளாக், யார் வீடு என்றெல்லாம் விசாரித்தாள். பதினோராவது பிளாக், மைன்ஸ் சந்தியாகு வீட்டு மாப்பிள்ளை என்று அவனும் ஒப்பித்தான். வேஷம் போட்டாயிற்று, அரைகுறையாகப் போடுவானேன் என்று நினைத்திருப்பான் போல.

அவன் மனைவி லிடியா மாசமாக இருந்தது உண்மை. அந்த விரால் அவளுக்குப் போகவில்லை என்பதுதான் சங்கதி. அது கூடத்துக்குப் போய், எடை பார்த்து, முதுகுச் சதையை அரிந்து, அரைத்து, அமிலத்தில் கரைத்து, கடைசியில் கம்ப்யூட்டர் திரையில் ஓர் எண்ணாக வந்து நின்றது.

பொங்கல் முடிந்து கூடம் திறந்த வாரத்தில் அந்த எண்கள் வந்தன. மீனில் இருக்கலாம் என்று வகுத்த அளவைப் போல் பல மடங்கு பாதரசம். கெண்டையில் அவ்வளவு இல்லை. விராலில்தான். சின்ன மீனை விழுங்கி வளர்கிற மீன் அது. சின்ன மீன்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்ததெல்லாம் விராலின் சதைக்குள் வந்து குடியேறிவிடும். கழுவினால் போகாது, கொதித்தாலும் போகாது. மாசமாக இருப்பவள் தின்றால் வயிற்றுப் பிள்ளையின் மூளைவரைக்கும் போகும். சைமன்ராஜுக்கு இது பாடப் புத்தகத்தில் படித்த விஷயம். திரையைப் பார்த்தபடி அவன் முதலில் நினைத்தது லிடியாவைத்தான். நல்லவேளை, நம் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை என்று நினைத்தான். அப்படி நினைத்ததை அவன் பிறகு மறக்கவே இல்லை.

கருணாகரன் எண்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ரெண்டாவது ரவுண்டு முடியட்டும். அதுவும் இப்படியே வந்தா ரிப்போர்ட் கொடுப்போம். அதுவரைக்கும் வெளிய ஒரு வார்த்தை போகக்கூடாது. பாதி ரிசல்ட்டை வச்சு ஊரைக் கிளப்பிவிட்டு, நாளைக்கு அது தப்புன்னு ஆனா நம்மளைத்தான் கோர்ட்டுக்கு இழுப்பாங்க."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. தப்பு இல்லாத பேச்சுதான் மனிதனுக்குப் பெரிய வசதி. சைமன்ராஜ் அதைப் பத்திரமாக மடித்து மனசுக்குள் வைத்துக்கொண்டான். மார்ச் மாதம் அவனுடைய கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மாமனார் வீட்டுக் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு, சுரங்கத்தில் பெர்மனெண்ட் வேலையிலிருக்கிற மாமனாரிடம் போய் வேலை போய்விட்டது என்று சொல்லும் நிலைமையை அவன் அடிக்கடி கற்பனை செய்து பார்ப்பான். அந்தக் கற்பனையில் சந்தியாகு எதுவுமே சொல்வதில்லை. டீயை உறிஞ்சியபடி சும்மா பார்ப்பார். அதைத் தாங்குவதைவிட ஏரியில் குதித்துவிடலாம்.

ஆகவே அவன் மறுபடியும் வயர் கூடையோடு கரையேறினான்.

மாசியில் ஒரு சனிக்கிழமை. தனகோடி அவனைப் பார்த்ததும் மூடி வைத்திருந்த குண்டானைத் திறந்து காட்டினாள். ஒரே அளவில் இரண்டு விரால்கள், கறுத்துப் பளபளத்து நெளிந்தன.

"ஒண்ணு ஒங்களுக்கு சார். ஒண்ணு எம் மருமவளுக்கு."

சைமன்ராஜுக்குச் சட்டென்று புரியவில்லை. "மருமகளுக்கா?"

"ஆமா சார். மின்ன எல்லாம் வெராலு மாட்டிக்கினா நாங்க தின்ன மாட்டோம். வெலைக்குப் போற மீனு, தின்னா கட்டுப்படியாவுமா? கெண்டயோ கெளுத்தியோ கொதிக்க வெச்சித் தின்னுட்டுப் போவோம். நீங்க வந்து கேக்க ஆரம்பிச்சப்புறம்தான் எனக்கே ரோசன வந்தது. படிச்சவங்க, டவுன்ஷிப்புக்காரங்க, சும்மாவா இம்மாந்தூரம் வந்து வாய்க்கா மூல மீனுதான் வேணும்னு நிப்பாங்க? அதுல என்னாமோ சத்து இருக்குதுன்னு நெனச்சிக்கினேன். கெண்டைங்க சந்தைக்குப் போவட்டும், வாய்க்கா மூல வெராலு வூட்டுக்குன்னு எம் புள்ளகிட்ட கண்டிசனா சொல்லிப்புட்டேன்."

"எப்பலேர்ந்து?" என்றான்.

"மார்கழிலேர்ந்தே குடுத்துக்கினு வரேன். மொதல்ல கவுச்சி ஆவலன்னா. இப்ப நல்லாத் திங்கறா. பக்கத்து வூட்டுக்காரியும் அவ பொண்ணுக்குக் கேட்டு வாங்கிக்கினு போறா." தனகோடி சிரித்தாள். "எல்லாம் ஒங்க புண்ணியம்தான்."

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே, அந்த நிமிஷத்திலேயே சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கத்தான் செய்தான். ஆனால் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ரொம்பக் குடுக்காதீங்கம்மா. விரால் உடம்புக்குச் சூடு."

தனகோடி விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்தில் கெளுத்தி விற்றுக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, "கேட்டியாடி, வெராலு சூடாம். சார் ஆஸ்டல்ல தின்னு வளந்தவரு போலிருக்குது" என்று சொல்லி அவளையும் சிரிக்க வைத்தாள். சைமன்ராஜும் சிரித்தான். ஒரு விராலை வாங்கிக்கொண்டு கரை இறங்கினான். மற்றது குண்டானில் சுற்றிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் வடலூர் தாண்டுவதற்குள் அவன் தனக்குத் தானே பல சமாதானங்கள் சொல்லிக்கொண்டான். வாரத்துக்கு ஒரு மீன்தானே. பாதியைப் பெரியண்ணனும் தின்பானே. இரண்டாவது ரவுண்டு வேறு மாதிரி வரலாமே. ஏரி மீன் விஷம் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் அத்தனை குடும்பத்தின் பிழைப்பும் போய்விடுமே. இந்தக் கடைசிச் சமாதானம் அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைச் சொல்லிக்கொள்ளும்போது தான் ஏதோ அவர்களுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருப்பதுபோல ஒரு பெருமைகூட வந்தது. வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தும்போது அந்தப் பெருமை இருந்த இடம் தெரியவில்லை. சீ என்று இருந்தது.

அந்த மாதம் சந்தியாகு ஒரு நாள் பஜாரிலிருந்து நல்ல விரால் ஒன்று வாங்கி வந்தார். "மாசமா இருக்க புள்ளைக்கு நாட்டு விரால் நல்லது" என்று சொல்லி சமையலறையில் வைத்தார். சைமன்ராஜ் அடுத்த நிமிஷமே உள்ளே போனான்.

"மாமா, இது எந்த ஏரி மீன்?"

"எந்த ஏரியா இருந்தா என்ன மாப்ள? மீன் மேல ஊர் பேரு எழுதியா விக்கிறான்?"

"லிடியாவுக்கு இது வேண்டாம். கடலூர்ல இருந்து வர நெத்திலியோ மத்தியோ வாங்கிக்கலாம்."

"நெத்திலியா? தலைப்பிள்ளைக்காரிக்கு நெத்திலி போடுறதா?" சந்தியாகுவுக்குக் கோபம் வந்துவிட்டது. சைமன்ராஜ் மீனை எடுத்துப் போய்த் தோட்டத்தில் வாழை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தான். மாமனாரை எதிர்த்து நின்று அவனுக்குப் பழக்கமே இல்லை. அன்றைக்கு நின்றான். மண்வெட்டியைக் கழுவும்போதுதான் உறைத்தது. தன் வீடு என்றதும் இரண்டாவது ரவுண்டுக்கு அவன் காத்திருக்கவில்லை. எந்த ஏரி மீன் என்றுகூடத் தெரியாத ஒன்றைத் தூக்கிப் புதைத்துவிட்டான்.

தவக்காலம் பிறந்தது. வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் கறி கிடையாது. கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ற வரிசையில் சைமன்ராஜும் நின்றான். முறை வந்ததும் முழங்காலிட்டு, கோபப்பட்டேன், மாமனாரை மனம் நோகப் பேசினேன், பூசைக்குச் சில நாள் வரவில்லை, சில பொய்கள் சொன்னேன் சாமி என்று மளமளவென்று சொன்னான். பெரிய பண்டத்தைச் சில்லறைகளுக்கு நடுவே தள்ளி உள்ளே அனுப்பிவிட்டான். சாமியாருக்கு எப்படித் தெரியும்? சில செபங்களைச் சொல்லச் சொல்லி மன்னிப்புக் கொடுத்து அனுப்பினார். செபங்களைச் சொல்லி முடித்தான். லேசாகும் என்று காத்திருந்தான். ஆகவில்லை. கடவுளிடமே குடும்பஸ்தன் வேஷம் போட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கட்டாயம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தான். போன சனிக்கிழமையும் அதே முடிவைத்தான் எடுத்திருந்தான்.

சனிக்கிழமை வருவதற்கு முன் வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை தனகோடியே வந்துவிட்டாள்.

மத்தியான வேளை. சைமன்ராஜ் சாப்பிட வந்திருந்தான். சந்தியாகு முதல் ஷிப்ட்டுக்குப் போயிருந்தார். வாசல் கேட்டைத் திறந்துகொண்டு "சந்தியாகு சார் வூடு இதாங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

லிடியா போய்க் கதவைத் திறந்தாள். தனகோடி இடுப்பில் ஒரு குண்டானை அணைத்துக்கொண்டு நின்றாள். குண்டானின் வாயில் ஈரத் துணி கட்டியிருந்தது. பின்னால் ஒல்லியாக ஒரு பெண், மேடிட்ட வயிறும் கையில் ஆஸ்பத்திரி பையுமாக. பவித்ரா. அதுவரை அவளை அவன் பார்த்ததில்லை. பார்க்காமல் இருந்ததில் ஒரு சௌகரியம் இருந்தது என்பது அவளைப் பார்த்ததும்தான் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை மாதிரி இருந்தாள்.

"ஸ்கேன் எடுக்க இவள இட்டாந்தேன். அப்பிடியே பாத்துட்டுப் போலாமேன்னுதான்" என்றாள் தனகோடி. லிடியாவின் வயிற்றைப் பார்த்து முகம் மலர்ந்தாள். "நீதானா கண்ணு அது? ஒன்ன நெனச்சிக்கினேதான் வாராவாரம் பெரிய மீனா எடுத்து வெப்பேன்."

லிடியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் வந்தவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பவித்ராவுக்குத் தட்டில் எலுமிச்சை சோறும் போட்டுக் கொடுத்தாள். பவித்ரா பசியோடு வந்திருந்தாள். கூச்சத்தை விட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். சைமன்ராஜ் கையைக் கழுவிக்கொண்டு வந்து சுவரோரம் நின்றான்.

தனகோடி குண்டானின் துணியை அவிழ்த்தாள். உள்ளே பெரிய விரால் ஒன்று வால் மடங்கிக் கிடந்தது. "காலையில புடிச்சது. வாய்க்கா மூலதான். இதுக்கு மட்டும் ஒண்ணும் குடுக்கக்கூடாது, ஆமா. நம்ம ஏரி வெராலு ஒத்துக்கினு இருக்குதா கண்ணு? கொழம்பு வெக்கிறியா, வறுக்கிறியா?"

"விராலா?" லிடியா சிரித்தபடியே சொன்னாள், அவளுக்கு என்ன தெரியும் பாவம். "எங்க வீட்ல விரால் வாங்கறதே இல்லைங்களே. எங்கப்பா ஆசையா வாங்கிட்டு வந்தாரு, இவரு அதையும் கொண்டுபோய்ப் பொதைச்சிட்டாரு. கடல் மீனைத் தவிர எதையும் தொடக்கூடாதுங்கறாரு."

தனகோடி மெதுவாகத் திரும்பி சைமன்ராஜைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கணக்குப் புரியாத ஒருத்தி விடை கேட்பதுபோலப் பார்த்தாள்.

"அப்ப யாருக்கு சார் வாங்குனீங்க?"

சொன்னான். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னான். கூடம், திட்டம், கிடங்கு, வாய்க்கால், விராலின் சதை, திரையில் வந்த எண்கள். பாதரசம் என்றால் என்ன என்று அவளுக்குப் புரியவைக்கத் தெரியாமல், காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குச்சிக்குள் பளபளவென்று இருக்குமே அது, என்றான். பேசிக்கொண்டே இருந்தான்; நிறுத்தினால் அவர்கள் பேசிவிடுவார்கள் என்று பயமாக இருந்தது. பவித்ராவின் கை தட்டிலேயே நின்றுவிட்டதை நடுவில்தான் கவனித்தான்.

"எப்பத் தெரியும் ஒங்களுக்கு?" என்றாள் தனகோடி.

"பொங்கல் முடிஞ்சு."

"அதுக்கப்புறமும் வந்தீங்களே."

"ஆமாம்மா."

"நான்தான் சொன்னேனே சார். எம் மருமவளுக்குக் குடுக்கறேன்னு ஒங்ககிட்டத்தானே சொன்னேன். சூடுன்னீங்களே." அவள் குரல் உயரவே இல்லை. "நான் சிரிச்சேனே."

அவனால் நிமிர முடியவில்லை. வெட்கம் என்று ஒரு சொல்லைச் சின்ன வயதிலிருந்து சொல்லி வருகிறோம். அது தன் வீட்டுக்குள்ளேயே நிற்க இடமில்லாமல் செய்துவிடும் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பவித்ரா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லண்ணா?"

ஆகாது என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. அதுவும் சுலபமாக வந்திருக்கும். "தெரியலம்மா" என்றான். "இன்னையோட நிறுத்திடணும். நிறுத்தினா ஒடம்புல இருக்கறது கொஞ்சம் கொஞ்சமா குறையும். பெரிய ஆஸ்பத்திரியில காட்டணும், நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா ஒண்ணும் ஆகாதுன்னு என்னால சொல்ல முடியல."

லிடியா பவித்ராவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் தோளைத் தொட்டாள். கணவன் பக்கம் திரும்பவே இல்லை. "எனக்குன்னதும் பொதைக்கத் தெரிஞ்சுது" என்று மட்டும் சொன்னாள், தரையைப் பார்த்து.

தனகோடி எழுந்தாள். குண்டானை இடுப்பில் எடுக்கப் போனவள், எடுக்காமல் அவன் காலடிக்கு நகர்த்தி வைத்தாள்.

"இது ஒன் சம்சாரத்துக்குன்னு கொண்டாந்தது. எடுத்துக்கினு போயி டெஸ்ட்டு பண்ணு." அவளுடைய 'ங்க' போயிருந்தது. "நாளைக்கிக் கரைக்கு வா. கூடைய எடுத்துக்கினு வராத. எல்லார் எதிர்லயும் நின்னு சொல்லு. நான் சொன்னா எவனும் நம்ப மாட்டான், தம் புள்ள வலையில மீன் மாட்டலன்னு கத கட்டுறான்னுவாங்க. நீ சொன்னா நம்புவாங்க. நீ வாயத் தொறக்காம வாங்கிக்கினு போனதையே நம்புனவங்கதானே நாங்க."

மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் இறங்கினாள். பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்று அவன் வாசல் கேட் வரைக்கும் போனான். வேண்டாம் என்று அவள் கையைக் காட்டினாள்.

மறுநாள் காலை கருணாகரனுக்குப் போன் செய்து சொல்லிவிட்டே சைமன்ராஜ் புறப்பட்டான். அவர் முதலில் திட்டினார், பிறகு கெஞ்சினார், கடைசியில் "கான்ட்ராக்ட்டை நினைச்சுப் பாருங்க சைமன்" என்றார். நினைத்துப் பார்த்தான். பயமாகத்தான் இருந்தது. பயத்தோடேயே பைக்கை எடுத்தான்.

கரையில் சனிக்கிழமைக் கூட்டம். சுற்று ஊர்களிலிருந்து பையும் பாத்திரமுமாக வந்திருந்தார்கள். தனகோடி தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் கெண்டை மட்டும் இருந்தது. அவனைப் பார்த்தாள், வாங்க என்று சொல்லவில்லை. வெறுங்கையோடு அவன் மேட்டில் ஏறி நின்று, எல்லாரும் கொஞ்சம் கேட்கணும் என்றான்.

பாதரசத்தைப் பற்றிச் சொன்னான். அனுமதித்த அளவைப் பற்றிச் சொன்னான். கிடங்கைக் கைகாட்டிச் சொன்னான். கேட்கத்தான் கேட்டார்கள். கெளுத்தி விற்பவள், "துள்ளுற மீனைப் பாத்து விசம்ங்கறாரே" என்றாள். ஒருவர், தனியார்காரன் ஏரியை ஏலம் எடுக்கத் திட்டம் போடுகிறான், அவன் அனுப்பின ஆள் இது என்றார். வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவன் அருகே வந்து, "எங்க அப்பன் பாட்டன் காலத்துலேர்ந்து தின்றோம், எவன் செத்தான்?" என்று கேட்டான். சிலர் சிரித்தார்கள். விலை பேசும் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. கூட்டத்தில் ஒருத்தி நின்றாள்; பக்கத்து வீட்டுக்காரி என்று தனகோடி சொன்னாளே, அவளாகத்தான் இருக்க வேண்டும். வாய்க்கால் மூலை விரால் ஒன்றைப் பையில் போட்டு முடிந்துகொண்டிருந்தாள்.

சைமன்ராஜ் மேட்டிலிருந்து இறங்கவில்லை. படித்த படிப்பு, பார்த்த எண்கள் எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. கையில் வேறொன்றும் இல்லை.

"அதச் சொல்லு" என்றாள் தனகோடி, உட்கார்ந்த இடத்திலிருந்து, அவனைப் பார்க்காமல். "ஒன் வூட்டுல என்னா தின்னாங்கன்னு சொல்லு."

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். மாதக்கணக்காக வயர் கூடையோடு வந்து, பெண்டாட்டிக்கு என்று சொல்லிப் பெரிய விராலாகப் பார்த்து வாங்கிப் போனவனை அந்தக் கரையில் தெரியாதவர்கள் இல்லை.

"என் சம்சாரம் மாசமா இருக்கா" என்றான். குரல் உடைந்தது, திரும்பவும் முதலிலிருந்து சொன்னான். "என் சம்சாரம் மாசமா இருக்கா. இங்க வாங்கின மீன்ல ஒரு துண்டுகூட நான் அவளுக்குக் கொடுக்கல. ஒரு நாளும் கொடுக்கல."

யாரும் சிரிக்கவில்லை. வலைக்காரன் கையிலிருந்த வலையைக் கீழே விட்டான். பக்கத்து வீட்டுக்காரி பையின் முடிச்சை அவிழ்த்து, மீனை வெளியே எடுத்துத் தரையில் வைத்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, "எம் பொண்ணுக்கு இது எட்டாம் மாசம்" என்றாள்.